மோட்டார் சைக்கிள் கிளட்ச்: கோளாறைக் கண்டுபிடிப்பதும் பிளே வைப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே பெரும்பாலும் பேசப்படுவது, என்ஜின் ஆயிலுக்குள்ளேயே சுழலும் பல தட்டுக் கிளட்ச், அதைக் கேபிள் வழியாக இயக்கும் லீவர் ஆகியவற்றைப் பற்றி. சாலையில் ஓடும் கியர் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ரகம். ஹைட்ராலிக் கிளட்சும் லீவர் இல்லாத கிளட்சும் கடைசிப் பகுதியில் வருகின்றன. கீழே உள்ள எண்கள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளே என்றால் எது? எவ்வளவு இருக்க வேண்டும்?

லீவரின் நுனியை ஒரு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். முதலில் கொஞ்ச தூரம் கனமே தெரியாமல் வரும், பிறகு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தட்டுப்படும். கனமில்லாமல் வந்த அந்தத் தூரம்தான் பிளே. லீவர் நுனியில் உள்ள குமிழ் அருகே அளந்தால் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான கேபிள் வண்டிகளின் கணக்கு. சில கையேடுகள் நுனியில் அளக்கச் சொல்வதில்லை. லீவர் அதன் தாங்கியைத் தொடும் இடத்தில் விழும் இடைவெளியை அளக்கச் சொல்லி, 2 முதல் 3 மி.மீ. என்று கொடுத்திருக்கும். இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டு நுனியில் 2 மி.மீ. வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் பிளே இல்லாத வண்டி என்றே அர்த்தம்.

இவ்வளவு சின்ன இடைவெளிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

உள்ளே நடக்கும் கணக்கு அதைவிடச் சின்னது என்பதால்தான். லீவரை முழுக்கப் பிடிக்கும்போது, ஸ்பிரிங்குகளின் பலத்தில் தட்டுகளைக் கவ்விப் பிடித்திருக்கும் பிரஷர் பிளேட் எழும்பும் தூரம் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிளட்சில் 6 நார்த் தட்டுகள் (உராய்வுப் பரப்பு ஒட்டியவை, இவற்றுக்கு நடுவே ஸ்டீல் பிளேட்டுகள் வரும்) இருந்தால் அவற்றுக்கு 12 முகங்கள். 1.5 மி.மீட்டரை 12 முகங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.125 மி.மீ., ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். இந்தத் தாள் கனத்தில்தான் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன.

பிளே அதிகமானால் லீவரின் ஓட்டத்தில் ஒரு பகுதி கேபிளின் தளர்வை இழுப்பதிலேயே தீர்ந்துவிடும். 1.5 மி.மீ. எழும்ப வேண்டிய தட்டு 1 மி.மீ. மட்டுமே எழும்பும், ஒவ்வொரு முகத்துக்கும் 0.08 மி.மீ.தான் மிஞ்சும். தட்டுகள் உரசிக்கொண்டே சுற்றும். பிளே அறவே இல்லாவிட்டால் நிலைமை தலைகீழ். லீவரைத் தொடாதபோதும் கேபிள் ரிலீஸ் ஆர்மை (என்ஜின் பக்கம் கேபிள் மாட்டியிருக்கும் சிறு கை) இழுத்துப் பிடித்திருக்கும், ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும், மீதி அழுத்தம் தட்டுகளைக் கவ்வப் போதாது. முதல் வகைக்குக் கிளட்ச் விடுபடவில்லை என்றும், இரண்டாவதற்குக் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்றும் பெயர்.

ஸ்லிப் ஆகிறதா, விடுபடவில்லையா: எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஸ்லிப் என்றால் என்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. மேட்டிலும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும், மேல் கியர்களிலும்தான் முதலில் தெரியும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், 4-வது கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். என்ஜின் வேகமும் வண்டி வேகமும் கைகோத்து ஏற வேண்டும். என்ஜின் மட்டும் திடீரென்று கத்திக்கொண்டு மேலே போய், வண்டி பின்தங்கி வந்தால் ஸ்லிப். என்ஜினும் ஏறவில்லை, வண்டியும் ஏறவில்லை என்றால் கிளட்சைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர், பிரேக் உராய்வு, கம்ப்ரஷன் பக்கம் பார்க்க வேண்டிய வண்டி அது.

கிளட்ச் விடுபடாத வண்டி வேறு விதமாகத் தொந்தரவு தரும். சிக்னலில் முதல் கியரில் கிளட்சைப் பிடித்து நிற்கும்போது முன்னால் ஊரும். என்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழாது, அணைத்தால் உடனே விழும். கியர் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கடகடவென்று இடிக்கும். சோதிக்க, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜின் சூடான பிறகு கிளட்சைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெதுவாகச் சுற்றினால் பதற வேண்டாம், தட்டுகளுக்கு நடுவே உள்ள ஆயிலே அந்த அளவுக்கு இழுத்துச் செல்லும். பின் பிரேக்கை லேசாக மிதியுங்கள். சக்கரம் நின்று, என்ஜின் அசையாமல் ஓடினால் கிளட்ச் சரி. பிரேக்கை மிதித்ததும் என்ஜின் திணறி இறங்கினாலோ நின்றுபோனாலோ, கிளட்ச் விடுபடவில்லை.

நான் தொடவே இல்லை, பிளே தானாக மாறுகிறது. ஏன்?

எந்தத் திசையில் மாறுகிறது என்று பாருங்கள். பாகத்தைக் கழற்றாமலே கிளட்சின் உள்நிலையைச் சொல்லக்கூடிய எளிய அளவுகோல் இது.

பிளே குறைந்துகொண்டே வந்தால் தட்டுகள் தேய்கின்றன. நார் தேயத் தேயத் தட்டுக் கட்டு மெலியும், பிரஷர் பிளேட் உள்ளே நகரும், அது புஷ் ராடை (ஆர்மின் அசைவைப் பிரஷர் பிளேட்டுக்குக் கொண்டுபோகும் கம்பி) தள்ளி ரிலீஸ் ஆர்மைக் கேபிளின் தளர்வு தீரும் பக்கமாகத் திருப்பும். ஆகவே தேய்மானம் லீவரில் பிளே குறைவாகத்தான் தெரியும். பலர் நினைப்பது போலப் பிளே கூடாது.

பிளே கூடிக்கொண்டே வந்தால் சந்தேகம் கேபிள் மேல். புதுக் கேபிளாக இருந்தால் உறையும் முனைகளும் அமரும் வரை முதல் சில நாட்கள் கொஞ்சம் நீளும், அது இயல்பு. பழைய கேபிளில் திடீரென்று பிளே கூடினால் உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். லீவர் முனையில் உள்ள ஈயக் குண்டு அருகே ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். ஒரே ஓர் இழை பிசிறாக நின்றாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். அடுத்தடுத்த இழைகள் அறுபட அதிக நாள் ஆகாது.

நெரிசலில் ஊர்ந்து வந்தபிறகு மட்டும் பிளே கூடி, ஆறியதும் பழைய இடத்துக்கு வந்தால் அது மூன்றாவது வகை. சூட்டில் தட்டுக் கட்டு விரிந்து தடிமனாகிறது, அவ்வளவுதான். அந்தச் சூட்டோடு அட்ஜஸ்டரைத் திருகிப் பிளேயைக் குறைத்தால், காலையில் குளிர்ந்த என்ஜினில் பிளேயே இருக்காது. பிளேயை எப்போதும் ஆறிய என்ஜினில்தான் வைக்க வேண்டும்.

சரி, பிளே வைப்பது எப்படி?

கேபிளின் இரண்டு முனைகளிலும் அட்ஜஸ்டர் உண்டு. லீவர் பக்கம் கையால் திருகும் வளையமும் அதை இறுக்கும் லாக் நட்டும் இருக்கும். என்ஜின் பக்கம், கேபிள் உறை தாங்கியில் நுழையும் இடத்தில், இரண்டு நட்டுகள் இருக்கும். பெரிய மாற்றம் என்ஜின் பக்கம், நுணுக்கம் லீவர் பக்கம் என்று நினைவில் வையுங்கள்.

முதலில் லீவர் பக்க லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிட்டு, பிறகு இரண்டு மூன்று மி.மீ. வெளியே எடுங்கள். இனி என்ஜின் பக்கம் போய், இரண்டு ஸ்பேனர்களால், ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்த்துங்கள். உறை முனை லீவரை நோக்கி நகரும்படி திருகினால் பிளே குறையும், எதிர்ப்பக்கம் கூடும். லீவர் நுனியில் 15 மி.மீ. அருகே வரும்வரை நகர்த்தி, இரண்டு நட்டுகளையும் ஒன்றோடு ஒன்று இறுக்குங்கள்.

கடைசியாக லீவர் பக்கம். அட்ஜஸ்டரை வெளியே திருகினால் பிளே குறையும், உள்ளே திருகினால் கூடும். அளவு கிடைத்ததும் லாக் நட்டைக் கையால் இறுக்கினாலே போதும், இடுக்கி வேண்டாம், மரை போய்விடும். அட்ஜஸ்டர், லாக் நட், லீவர் தாங்கி மூன்றிலும் கேபிளைக் கழற்றுவதற்காக ஒரு பிளவு இருக்கும். வேலை முடியும்போது மூன்று பிளவுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. நின்றால் மண்ணும் தண்ணீரும் இறங்கும், கேபிளே வெளியே நழுவவும் கூடும்.

அவ்வளவோடு விட்டுவிடாமல் லீவரை ஐந்தாறு முறை முழுக்க அழுத்திவிட்டு மீண்டும் அளவு பாருங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மி.மீ. மாறியிருக்கும். ஹேண்டில்பாரை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்புங்கள். பிளே மாறினால் கேபிள் எங்கோ இறுகலாகப் போகிறது. என்ஜினை ஓடவிட்டுத் திருப்பினாலும் வேகம் ஏறக் கூடாது.

அட்ஜஸ்டரை வெளியே எடுத்துக்கொண்டே போகிறேன், இன்னும் சரிவரவில்லை.

லீவர் பக்க மரையில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் வண்டி ஒரு முறை சாய்ந்தாலே அட்ஜஸ்டர் உடையும். உள்ளே திருகிவிட்டு என்ஜின் பக்கம் போங்கள். அங்கேயும் மரை தீர்ந்துவிட்டால் கேபிள் மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டது, இல்லையென்றால் உள் ஸ்குரூ தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது.

அந்த உள் ஸ்குரூ எங்கே இருக்கிறது? எல்லா வண்டியிலும் உண்டா?

எல்லா வண்டியிலும் இல்லை. இருக்கும் வண்டிகளில், கிளட்ச் கவரில் ஒரு சிறு மூடிக்குள்ளோ, பிரஷர் பிளேட்டின் நடுவிலோ, எதிர்ப்பக்கக் கவருக்குள்ளோ, லாக் நட் போட்ட ஒரு ஸ்குரூவாக இருக்கும். அதன் வேலை புஷ் ராடுக்கும் ரிலீஸ் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைப்பது. கேபிளை அட்ஜஸ்டர்களில் நன்றாகத் தளர்த்திவிட்டு இதைத் தொடங்க வேண்டும். கேபிளில் இழுவை இருக்கும்போது இந்த ஸ்குரூவைத் திருகினால் கிடைப்பது பொய்யான அளவு.

லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஸ்குரூவை உள்ளே மெல்லத் திருகும்போது ஓரிடத்தில் தட்டி நிற்கும். அழுத்த வேண்டாம், விரல் நுனியில் உணர்ந்தால் போதும். அங்கிருந்து கால் சுற்று பின்னால் எடுத்து, ஸ்குரூ அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து திரும்பிவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிசகு. இறுக்கியபின் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ரிலீஸ் ஆர்மில் ஒரு கூர்முனையும் என்ஜின் உடம்பில் ஒரு குறியும் இருக்கும். ஆர்மைக் கையால் தடுக்கும்வரை தள்ளிப் பிடித்தால் இரண்டும் நேராக வர வேண்டும். பின்னால் எடுக்க வேண்டிய சுற்று சில மாடல்களில் அரை வரை போகும், திருகும் திசையும் மாறலாம். இந்த ஒரு விஷயத்தில் கையேடு இல்லாமல் இறங்க வேண்டாம்.

ஆர்மின் கோணத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கேபிளின் தளர்வு தீரும் நிலையில் ஆர்மும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் நெம்பு சரியாக விழும். ஆர்ம் ஒரேயடியாகப் படுத்திருந்தால் லீவரும் கனக்கும், தட்டும் போதுமான அளவு எழும்பாது.

முதல் கியர் போடும்போது 'டக்' என்று கேட்கிறது. இது கோளாறா?

காலையில், ஆயில் குளிர்ந்திருக்கும்போது, லேசான ஒரு சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு. என்ஜின் சூடான பிறகும் வண்டியே குலுங்கும்படி இடித்தால் முதலில் ஐட்லிங் வேகத்தைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் நல்ல கிளட்சும் இடிக்கும்.

பிளே கச்சிதமாக இருக்கிறது, ஆனாலும் நியூட்ரல் விழவில்லை.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்பிப் போங்கள். ஒரு முகத்துக்கு 0.125 மி.மீ. விலகல்தான் இருக்கிறது. ஒரு ஸ்டீல் பிளேட் 0.2 மி.மீ. வளைந்திருந்தால் அது இரண்டு பக்கமும் உரசிக்கொண்டேதான் இருக்கும், எந்த அட்ஜஸ்டராலும் அதைப் பிரிக்க முடியாது. ஸ்லிப் ஆனபடியே நெடுநாள் ஓடிய வண்டிகளில் இந்த வளைவு சகஜம்.

அடுத்த சந்தேகம், தட்டுகளைச் சுற்றியிருக்கும் கூடையான பாஸ்கெட்டின் விரல்கள். நார்த் தட்டின் காதுகள் அந்த விரல்களில் இடித்து இடித்துப் பள்ளம் விழும். தட்டு விலக நகரும்போது காது பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். நகத்தை விரலின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள், படிக்கட்டு போலத் தட்டினால் பள்ளம் உண்டு. லேசாக இருந்தால் நைஸ் அரத்தால் சமமாக்கலாம், எல்லா விரல்களிலும் ஒரே அளவு. அரை மி.மீட்டரைத் தாண்டிவிட்டால் அராவுவது பயனில்லை. காதுக்கும் விரலுக்கும் நடுவே தளர்ச்சி கூடி, இடி இன்னும் பலமாகும். பாஸ்கெட்டை மாற்ற வேண்டியதுதான்.

ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருப்பது, சொன்னதைவிடக் கெட்டியான ஆயில், கிளட்சை அதன் ஷாஃப்ட்டில் இறுக்கும் சென்டர் நட் தளர்ந்திருப்பது ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். ஆயில் அளவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், கவரைக் கழற்றும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

லீவர் கல் மாதிரி கனக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றட்டுமா?

வேண்டாம். ஸ்பிரிங் நாளாக நாளாகத் தளருமே தவிர இறுகாது. கனம் கூடியிருந்தால் குற்றவாளி கேபிள்தான், பத்தில் ஒன்பது முறை. என்ஜின் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு லீவரை அசைத்துப் பாருங்கள். அப்போதும் உரசினால் கேபிள். வழுவழுப்பாக ஓடினால், ரிலீஸ் ஆர்ம் பொருத்தியிருக்கும் ரிலீஸ் ஷாஃப்ட்டில் துரு அல்லது கிரீஸ் வறட்சி. கேபிளுக்கு மேல்முனையிலிருந்து இலகுவான எண்ணெய் விட்டு, கீழ்முனையில் சொட்டும்வரை காத்திருக்கலாம். உள்ளே வழுவழுப்பான பூச்சுக் குழாய் வைத்து வரும் கேபிள்களில் கிரீஸ் திணிக்காதீர்கள், தூசியைப் பிடித்துவைத்து இன்னும் கெடுக்கும். லீவரின் போல்ட்டும் ஈயக் குண்டு சுழலும் குழியும் மட்டும் கிரீஸ் கேட்கும் இடங்கள். குண்டு சுழலாமல் போனால், லீவரை ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கேபிள் அதே புள்ளியில் வளையும், அங்கேதான் அறும்.

ஆயில் மாற்றிய மறுவாரமே ஸ்லிப் தொடங்கியது. சம்பந்தம் உண்டா?

இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கிறது. கார்களுக்கான எரிபொருள் சேமிப்பு ரக ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு, கிளட்ச் பிழைப்பதோ உராய்வினால்தான். டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது. தவறான ஆயில் என்று தெரிந்தால் வடித்துவிட்டு, ஃபில்டரும் மாற்றி, சரியான ஆயில் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். தட்டுகள் கருகியிருக்காவிட்டால் பிடிப்பு திரும்ப வாய்ப்பு உண்டு. வடித்த ஆயில் கருகிய வாடை அடித்தால் நம்பிக்கை வேண்டாம்.

தட்டு மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாமா?

டார்க் ரெஞ்ச், வெர்னியர், புதிய கேஸ்கெட், பொறுமை, இந்த நான்கும் இருந்தால் செய்யலாம். கிளட்ச் வலப்பக்கம் உள்ள வண்டியை இடப்பக்க சைடு ஸ்டாண்டில் நன்றாகச் சாய்த்து நிறுத்தினால் பெரும்பாலும் ஆயிலை வடிக்காமலே கவரைத் திறக்கலாம். கவர் போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு போல்ட்டைச் செருகி வையுங்கள். நீளமானதைக் குட்டையான ஓட்டையில் இறுக்கினால் என்ஜின் உடம்பே விரிசல் விடும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தட்டுகளை வெளியே எடுக்கும் வரிசையிலேயே அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கிளட்சுகளில் ஒரு நார்த் தட்டு மட்டும் உள்விட்டம் பெரிதாக இருக்கும், அதன் உள்ளே அதிர்வைத் தணிக்கும் கூம்பு வளையம் உட்காரும். வேறு சிலவற்றில் கடைசித் தட்டின் காதுகள் மற்றவற்றோடு சேராமல் பக்கத்துக் குறுங்குழியில் விழ வேண்டும். படம் இல்லாவிட்டால் இவை மறந்துபோகும்.

இப்போது அளவுகள். நார்த் தட்டின் தடிமனை நாலு இடத்தில் எடுங்கள். புதிதில் 3 மி.மீ. உள்ள தட்டுக்குக் கழிவு எல்லை பெரும்பாலும் 2.6 முதல் 2.8 மி.மீ.க்குள் இருக்கும். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, ஓரங்களில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். மாடலைப் பொறுத்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரைதான் அனுமதி. நீலம் பாய்ந்த ஸ்டீல் பிளேட் அளவில் தேறினாலும் தூக்கிப் போடுங்கள், சூடு தின்ற இரும்பு அது. ஸ்பிரிங்குகளின் நீளத்தை ஒவ்வொன்றாக அளந்து, ஒன்று எல்லைக்குக் கீழே இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் கோணலாக எழும்பும்.

புதிய நார்த் தட்டுகளை, ஊற்றப்போகும் அதே ஆயிலில் ஓர் இரவு ஊறவையுங்கள். வறண்ட தட்டைப் போட்டு என்ஜினை ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே மேல்பரப்பு பளபளத்துக் கருகும். ஸ்டீல் பிளேட்டின் ஒரு விளிம்பு கூராகவும் மறு விளிம்பு மழுங்கியும் இருக்கும். எல்லாவற்றின் கூர்விளிம்பும் ஒரே பக்கம் பார்க்கட்டும்.

பிரஷர் பிளேட்டை வைக்கும்போதுதான் அதிக சேதம் நடக்கிறது. அதன் பற்கள் ஹப்பின் (ஸ்டீல் பிளேட்டுகள் மாட்டியிருக்கும் நடுப் பாகம்) பற்களோடு பொருந்தி உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். போல்ட்டை இறுக்க இறுக்கத் தட்டு உட்காராமல் பல்லின் மேல் நின்று, கடைசியில் அலுமினியத் தூண் 'படக்' என்று உடையும். ஆகவே ஸ்பிரிங்கைப் போடும் முன் பிரஷர் பிளேட்டைக் கையால் அழுத்தி இட வலமாக ஆட்டுங்கள், தனியாகத் திரும்பக் கூடாது. போல்ட்டுகள் பொதுவாக எம்6 அளவு, முறுக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர், அதுவும் இரண்டு மூன்று சுற்றாகக் குறுக்கு வரிசையில். பிறகு கவரை மூடும் முன், ரிலீஸ் பாகம் என்ஜின் உடம்பில் உள்ள வண்டியாக இருந்தால், ஒருவர் லீவரைப் பிடிக்க, தட்டு எல்லாப் பக்கமும் ஒரே அளவு எழும்புகிறதா என்று நேரில் பார்த்துவிடலாம். ரிலீஸ் ஷாஃப்ட் கவரிலேயே உள்ள வண்டியில், இழுக்கும் ராடின் பற்கள் அந்த ஷாஃப்ட்டின் பற்களைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுக் கவரைப் பொருத்துங்கள்.

கேஸ்கெட் ஒட்டியிருந்த பரப்பை ஸ்குரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அந்தக் கீறல் வழியாகத்தான் ஆயில் கசியும். பிளேயைப் புதிதாக வைத்து, 200 முதல் 300 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்தால் ஸ்லிப் நிற்கும் என்கிறார்களே?

நிற்கும், கொஞ்ச நாளைக்கு. தேய்ந்த தட்டு அப்படியே இருக்க, லீவர் கனக்கும், கேபிளும் ரிலீஸ் பாகமும் கூடுதல் சுமையில் தேயும். வாஷர் தடித்தால், லீவரைப் பிடிக்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடு ஒன்று முட்டி, தட்டு எழும்புவதே நின்றுவிடும்.

கிளட்சை விடும்போது வண்டி உதறுகிறது.

கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் உதறினால், வளைந்த ஸ்டீல் பிளேட், பளபளத்த நார், பாஸ்கெட் விரலில் பள்ளம், இவற்றில் ஒன்று. அதிர்வைத் தணிக்கும் கூம்பு வளையத்தைத் திருப்பிப் போட்டிருந்தாலும் இதே உதறல் வரும். தட்டு மாற்றிய பிறகு தொடங்கியது என்றால் அதை முதலில் சந்தேகியுங்கள். ஓடும்போதும் உதறினால் செயின், ஸ்ப்ராக்கெட், பின் சக்கர ரப்பர்களைப் பாருங்கள்.

ஐட்லிங்கில் கடகடக்கிறது, லீவரைப் பிடித்தால் அடங்குகிறது. தலைகீழாகவும் சில வண்டியில் கேட்கிறது.

பிடித்தால் அடங்கும் சத்தம் பாஸ்கெட்டின் முதுகில் உள்ள அதிர்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்ததிலிருந்து வருவது. லேசாக இருந்தால் பல வண்டிகளில் இயல்பு. லீவரைப் பிடிக்கும்போது மட்டும் சீறினால் ரிலீஸ் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, அது சின்ன பாகம், உடைந்து உள்ளே சிதறும் முன் மாற்றுங்கள்.

லீவரைச் சரிசெய்த பிறகு செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை.

லீவர் தாங்கிக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. கிளட்ச் பிடித்திருப்பதை அதுதான் சொல்லும். லீவரைக் கழற்றி மாட்டியபோது அதன் ஊசி மடங்கியிருக்கும், அல்லது வயர் நழுவியிருக்கும்.

ஹைட்ராலிக் கிளட்சுக்குப் பிளே எப்படி?

வைக்க வேண்டியதில்லை, தேய்மானத்தை அது தானே ஈடுகட்டிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேக்கில் தேய்மானம் கூடினால் தொட்டியில் திரவம் இறங்கும், கிளட்சில் தட்டு தேயத் தேய பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டுத் திரவம் ஏறும். அதனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். ஏற இடமில்லாத திரவம் கிளட்சையே லேசாகப் பிடித்துவைக்கும், ஸ்லிப் ஆகும். லீவர் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று, கீழ் சிலிண்டரின் நிப்பிள் வழியாக வெளியேற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு டாட் 4 திரவம், சிலவற்றுக்கு மட்டும் மினரல் ஆயில். மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள், மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர்கள் வீங்கி எல்லாமே போகும்.

லீவரே இல்லாத, கால் கியர் மட்டும் உள்ள வண்டிக்கு?

கிளட்ச் கவரில் வெளியிலேயே ஒரு ஸ்குரூவும் லாக் நட்டும் இருக்கும். என்ஜினை அணைத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவை வலமாக ஒரு சுற்று திருகுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிறகு இடமாக மெல்லத் திருகிவர, ஓரிடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கிருந்து வலமாக எட்டில் ஒரு பங்கு சுற்று கொடுத்து லாக் நட்டை இறுக்குங்கள். கியர் பெடலை மிதித்துப் பிடிக்கும்போது கிளட்ச் விடுபடுவதும் இதே ஸ்குரூவின் அளவில்தான் இருக்கிறது. கியரே இல்லாத ஸ்கூட்டர்களில் வெளியிலிருந்து வைக்கும் அளவு எதுவும் கிடையாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டி, கிளட்ச் பிடித்தாலும் விடவே மாட்டேன் என்கிறது.

தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உடைசல் அல்ல. நியூட்ரலில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். மேல் கியரில் போட்டு, லீவரைப் பிடித்தபடியே வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் லீவரை ஹேண்டிலோடு சேர்த்துக் கட்டி ஓர் இரவு விடுங்கள். இனி அப்படி நிறுத்த நேர்ந்தால் மாதம் ஒருமுறை சூடாக்கி லீவரைச் சில முறை அழுத்திவைத்தால் போதும்.

வழியில் கேபிள் அறுந்துவிட்டது. வண்டியை ஓட்டிக் கொண்டுபோக முடியுமா?

முடியும், கவனமாக இருந்தால். நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, காலால் உந்தி வண்டி நகரத் தொடங்கியதும் முதல் கியரைப் போடுங்கள், ஓர் உதறலோடு பிடித்துக்கொள்ளும். சரிவு இருந்தால் அதில் தொடங்குவது எளிது. மேல் கியர்களுக்குப் பெடலில் லேசாக அழுத்தம் கொடுத்துவைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று குறைத்தால் கியர் விழும். கீழே இறக்குவது இதைவிடக் கடினம், வேகம் நன்றாகக் குறைந்த பிறகே செய்யுங்கள். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே நியூட்ரலைத் தேடிப் பிடித்துவிட வேண்டும், ஏனென்றால் நின்ற பிறகு பிடிக்க உங்களிடம் கிளட்ச் இல்லை. நெரிசலான சாலையில் இதை முயல வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள். தொலைதூரம் போகிறவர்கள் புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே, அதே வழியில், முனைகளை மட்டும் மூடிக் கட்டிவைத்திருப்பார்கள். அறுந்தால் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டிவிட்டு, லீவர் நுனியில் 15 மி.மீ. வைத்துப் புறப்பட்டுவிடலாம்.